மேலக்காவின் இடக்கண்

கிரேன் கொக்கியை நேர் பார்க்கும்போது வலக்கண்ணை மூடுவது அவளுடைய பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரும்புச் சட்டங்கள் செய்கிற அந்தப் பெரிய கொட்டகையில், கூரைக்கு ஓர் ஆள் உயரம் கீழே தொங்குகிற கிரேன் கேபினுக்குள் பதினான்கு வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. வலதை ஒரு நொடி மூடுவாள். இடக்கண்ணால் மட்டும் பார்த்து, சங்கிலி தூக்குக்குண்டு மாதிரி நேராக விழுகிறதா என்று தெரிந்துகொள்வாள். பிறகு இரண்டையும் திறந்து லீவரைத் தள்ளுவாள். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்து, "மேலக்கா கண்ணடிக்குது பாரு, யாருக்குன்னுதான் தெரியல" என்று சிரிப்பார்கள். மேலே இருக்கிற அக்கா, அதனால் மேலக்கா. ஃபோர்மேனும் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம்.

அன்று காலையும் வலதை மூடினாள். கொட்டகை அணைந்துபோனது.

இருட்டு என்று சொல்ல முடியாது. கரியேறிய விளக்குக் கண்ணாடிக்குள் முகத்தை வைத்தது மாதிரி ஒரு சாம்பல். அதற்குள் ஓரத்தில் வெல்டிங் பொறி மாதிரி ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. வலக்கண்ணைத் திறந்தாள். கொட்டகை அப்படியே இருந்தது. வெல்டர்கள், கட்டைகள், மஞ்சள் கோடு, கீழே கை காட்டிக்கொண்டு நிற்கிற, 'கொக்கி' என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள், எல்லாம் அதனதன் இடத்தில். மறுபடி மூடினாள். சாம்பல்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தபோது எதுவுமே குறைந்ததாகத் தெரியவில்லை. மூடிப் பார்த்திருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. அப்படியானால் இதற்கு முன் எத்தனை தடவை போய்விட்டு வந்திருக்கிறதோ?

பாரத்தை நடு வானில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலை எடுத்தாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு நிமிஷம். நனைந்த காகிதம் காய்வதுபோல் ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாக வெளிச்சம் திரும்பியது. கீழேயிருந்து கொக்கி, "என்னக்கா, மேல தூக்கமா?" என்று கத்தினான். "உன் மூஞ்சியப் பார்த்தா தூக்கம் எங்க வரும்" என்று பதிலுக்குக் கத்தினாள். அரைமணி கழித்து இடக்கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். அது அவளுக்குப் புதிதல்ல. ஒற்றைத் தலைவலி வயதுக்கு வந்த நாளிலிருந்து அவள்கூடவே குடித்தனம் நடத்துகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அவளுடைய அப்பா.

அப்பா மூட்டை தூக்கியவர். ஒருநாள் மதியம் வீட்டுக்கு வந்து, "ஒரு கண்ணுல திரை விழுந்த மாதிரி ஆயிட்டு, அப்புறம் தானா ஏறிடுச்சு. நாடகக் கொட்டகைன்னு நெனச்சிட்டாங்க போல" என்று சிரித்தார். வீடே சிரித்தது. எட்டாம் நாள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அப்புறம் மூன்று வருஷம் கட்டில். மூட்டை தூக்கிய தோளை அவளும் அம்மாவுமாகப் புரட்டிப் போட்டார்கள். சாகும்வரை அவர் முழுசாகப் பேசிய ஒரே சொல் 'தண்ணி'.

எட்டு நாள் எண்ணினாள். ஒன்பதாம் நாள் வாய் நேராக இருந்தது. கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டிப் பார்த்தாள். "என்ன, மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா?" என்றார் வீட்டுக்காரர். அவர் பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிறவர். எதைப் பார்த்தாலும் ஒரு சொல் சொல்லாமல் போகமாட்டார்.

பதினாறாம் நாள் மறுபடி வந்தது. அப்போதும் பன்னிரண்டு நிமிஷம். அப்போதும் தண்ணீர் பாட்டில். இப்படியே சமாளித்துவிடலாம் என்று அவள் நினைக்க ஆரம்பித்தது அன்றுதான்.

சொன்னால் இறக்கிவிடுவார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இறங்கினால் எங்கே போவாள் என்பதும் தெரியும். கேபினுக்கு ஏறுவதற்கு முன் ஆறு வருஷம் அதே கொட்டகையில் இரும்புச் சீவல் பொறுக்கியவள் அவள். குனிந்த முதுகும் கிழிந்த கையுறையும், மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிற சளியும். நடக்கும்போது ஆள் என்றுகூடப் பார்க்காமல் மேலே இடித்துக்கொண்டு போவார்கள். கிரேன் ஓட்டுகிறவன் ஒருநாள் வரவில்லை என்று விளையாட்டுக்கு அவளை ஏற்றிவிட்டார்கள். அன்று அவள் இறக்கிய பாரம் முட்டைமேல் முட்டை வைத்த மாதிரி உட்கார்ந்தது. அதற்கப்புறம் யாரும் அவளை இடித்ததில்லை. எல்லோரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவைதான் கொக்கியின் விரல் போனது.

கொக்கி கீழே நின்று கை காட்டுகிறவன். பாரத்தில் சங்கிலி மாட்டுவது, கிரேனுக்குச் சைகை காட்டுவது, பாரம் உட்காருகிற இடத்தில் கட்டை வைப்பது எல்லாம் அவன் வேலை. உள்ளங்கையைக் கீழே தட்டினால் இறக்கு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்தால் இன்னும் ஒரு சாண். முஷ்டி பிடித்தால் நிறுத்து. ஒன்பது வருஷமாக இருவருக்கும் இந்த மூன்றே சொல்தான் பாஷை. கிரைண்டர்கள் ஓடுகிறபோது இரைச்சலில் வேறு பேச்சு காதில் விழாது. அவன் காட்டினால் அவள் செய்வாள். நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது.

அன்று ஓர் இரும்புத் தூணை இறக்கிக்கொண்டிருந்தாள். கொக்கி இடக்கையால் கட்டையை நகர்த்திக்கொண்டே வலக்கையால் சாண் காட்டினான். அவள் இறக்கினாள். கேபினின் முன் மூலையில் ஒரு கம்பி நிற்கும், இரண்டு விரல் அகலம். பதினான்கு வருஷத்தில் அப்படியொரு கம்பி இருப்பதே அவள் மனதில் பட்டதில்லை. இரண்டு கண்ணும் இருந்தால் ஒன்று மறைத்ததை இன்னொன்று பார்த்துவிடும். ஒரு கண் போனால் அந்தக் கம்பி கீழே தரையில் ஓர் ஆள் அகலத்தை முழுங்கிவிடும். கொக்கியின் முஷ்டி அந்த ஆள் அகலத்துக்குள் நின்றது.

அவள் எக்கிப் பார்ப்பதற்குள் தூண் நான்கு விரல்கடை கூடுதலாக இறங்கியிருந்தது. கையை உருவிவிட்டான். மோதிர விரலின் நுனி மட்டும் கட்டைக்கும் தூணுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

அவன் கத்தவில்லை. தூணைப் பார்த்தான், பிறகு தன் வலக்கையைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் மேலேயிருந்து பார்த்தாள். வலதை மூடிப் பார்த்தாள். சாம்பல்.

விசாரித்து எழுதினார்கள். ஃபோர்மேன் நோட்டில், 'கை காட்டுபவர் நிறுத்தச் சைகையைத் தாமதமாகக் காட்டினார்' என்று இருந்தது. அதைச் சொன்னதே கொக்கிதான். "கட்டையில கண்ணு போயிடுச்சு சார். மூடுனேன்னுதான் நெனச்சேன். மூடலை போல." அவளிடம் நோட்டை நீட்டினார்கள். படித்தாள். கையெழுத்துப் போட்டாள். வாயைத் திறக்க அந்த ஒரு நிமிஷம் இருந்தது. அது போய்விட்டது.

பத்தாம் நாள் கொக்கி கட்டோடு வேலைக்கு வந்தான். "முக்கா விரல்" என்று புதுப் பெயர் வைக்கப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. அவனே கூடச் சேர்ந்து சிரித்தான். மதியம் ஏணிக்கடியில் டீ டம்ளரோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? மனசுல வச்சுக்காம சொல்லு."

"கேளு."

"எங்கை இப்ப மெதுவா ஆயிடுச்சா? முன்ன மாதிரி இல்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இல்லக்கா, நீ மேலேருந்து பார்க்கிற. உனக்குத்தான் தெரியும். ஒருவேளை இதுக்கு முன்னயே லேட்டாக் காட்டி, நீ சமாளிச்சிட்டிருந்தியோன்னு ஒரு எண்ணம். அப்படின்னா சொல்லிடு. நான் வேற வேலைக்குப் போயிடறேன். இன்னொருத்தன் தலைமேல விழுறதுக்கு முன்னாடி."

டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. அவள் அதை விரலால் எடுத்துச் சுவரில் தடவினாள்.

"உன் கை நல்லாத்தான் இருக்கு. போய் வேலையப் பாரு" என்றாள்.

வீட்டில் அது வெளிப்பட்டது ஒரு சொம்புத் தண்ணீரால். காலையில் வீட்டுக்காரருக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். டம்ளருக்கு ஒரு விரல்கடை தள்ளித் தண்ணீர் மேஜைமேல் விழுந்துகொண்டே இருந்தது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவர் முதலில், "மேஜைக்குத் தாகம் போல" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து டயர் கழற்றுகிற கையால் சொம்பைப் பிடித்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு வலதுகண்ண மூடி மூடிப் பார்க்கிற?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், விரலைத் தவிர. அதன் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு விளையாட்டுச் சொல்லும் வரவில்லை. மாமனாரைக் குளிப்பாட்டியதில் அவருக்கும் பங்கு உண்டு. டெப்போவுக்குப் போன் போட்டு வரமுடியாது என்று சொன்னார். அவளுக்கு அன்று மதிய ஷிப்ட்தான். அதற்குள் போய்வந்துவிடலாம் என்று சட்டையை மாட்டினார்.

கண் டாக்டர் நடுவயதுப் பெண். மேஜையில் கண்ணின் பிளாஸ்டிக் பொம்மை, பாதி பிரித்து வைத்திருந்தது. அப்பாவின் கதையிலிருந்து மேலக்கா சொல்வதை எழுதிக்கொண்டே வந்தவர், "ஒரு கண்ணு மட்டும்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"ஒரு கண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க? வர்றவங்க எல்லாரும் இடது கண்ணு போச்சு, வலது கண்ணு போச்சும்பாங்க. விசாரிச்சா, ரெண்டு கண்ணுலயும் ஒரு பக்கம் பாதி போயிருக்கும். மூளைக்குள்ள நடக்கிறது அது. அவங்களுக்கு ஒரு கண்ணு போன மாதிரித் தெரியும். அதுதான் அதிகம். ஒண்ண மூடி ஒண்ணால பார்க்கணும். யாரும் பார்க்கிறதில்ல, பயத்துல தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க."

"வலத மூடறது என் வேலைங்க" என்றாள். கிரேன் கொக்கியை நேர் பார்ப்பதைச் செய்து காட்டினாள். "வலத மூடினா ஒண்ணும் இல்ல. இடத மூடினா எல்லாம் முழுசாத் தெரியுது, ரெண்டு பக்கமும்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "அப்ப நிஜமாவே ஒரு கண்ணுதான்" என்றார். அதில் பாராட்டு இருந்தது. நிம்மதி இல்லை.

"திரை மாதிரி மேலேருந்து விழுதா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இல்லைங்க. ஓரத்துல பொறி பறக்கும். அப்புறம் புகை மூடற மாதிரி. பன்னிரண்டு நிமிஷம். அப்புறம் திட்டுத் திட்டா வரும். அப்புறம் அந்தப் பக்கமே தலைவலி."

"ஒத்தைத் தலைவலி எத்தனை வருஷமா?"

"முப்பது வருஷம் இருக்கும்."

சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். கழுத்தில் குழாயை வைத்துக் கேட்டார். அங்கே என்ன கேட்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றதப் பார்த்தா, ஒத்தைத் தலைவலியோட கண்ணு போற வகைன்னுதான் தோணுது. கண்ணுக்குப் பின்னால ரத்தக்குழாய் கொஞ்ச நேரம் சுருங்கிக்குது, அப்புறம் விரியுதுன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாது. தலைவலி ஒத்தையா வர்றது ஊர்ல பத்துல ஒருத்தருக்கு உண்டு. கண்ணு ஒத்தையாப் போறது அபூர்வம்."

"அப்ப அதுதானா?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் ஒரு சந்தோஷம் தலைகாட்டியது.

"அந்தப் பேரை நான் இன்னைக்கு வைக்கமாட்டேன். அது கடைசியா வைக்கிற பேரு. கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இல்ல, இதயத்துலருந்து ரத்தக்கட்டி எதுவும் கிளம்பல, ரத்தத்துல கோளாறு இல்லன்னு ஒண்ணொண்ணா அடிச்சிட்டு வந்தப்புறம் மிச்சம் இருந்தா அந்தப் பேரு. ஏன்னா அந்த மத்ததும் இதே மாதிரித்தான் கதவத் தட்டும். உங்க அப்பாவுக்குத் தட்டின மாதிரி. தாமதம் பண்றதுக்கில்ல. இன்னைக்கே ரத்தம் குடுங்க. கழுத்து ஸ்கேன், இதயம் ரெண்டும் நாளன்னைக்குக் காலையில முதல் ஆளா." ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். "வந்தா எந்தக் கண்ணு, எத்தனை நிமிஷம், குறிச்சு வைங்க. வழக்கத்தைவிட நீண்டாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, குறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி. அந்தந்த நிமிஷத்துக்குக் கணக்கு உண்டு."

எழுதி முடித்துத் தாளை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இந்த ரெண்டு மாசத்துல வேலையில ஏதாவது நடந்ததா? தப்பா இறக்கினது, இடிச்சது, யாருக்காவது அடி?"

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். பொம்மைக் கண் அவளைப் பார்த்தது.

"இல்லைங்க" என்றாள்.

தாளில், சோதனைகள் முடியும்வரை உயரத்திலும் இயந்திரத்திலும் வேலை கூடாது என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தியிருந்தது. நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தாள். மருந்து போட்ட கண் கூசுகிறது என்று சொல்லி அன்றைய ஷிப்டுக்கு லீவு போட்டாள். அதற்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அவளுக்குப் பகல் ஷிப்ட். காலையில் வேலைக்குக் கிளம்பியபோது, "தாளைக் குடுத்துடுவல்ல?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "குடுக்காம பின்ன" என்றாள். குடுக்கத்தான் நினைத்தாள். கொட்டகை வாசலில் ஃபோர்மேன் அவளுக்காகவே காத்திருந்தார்.

"மேலக்கா, நல்லவேளை வந்தே. பெரிய கர்டர் இன்னைக்கு. லாரி மூணரைக்கு வந்து நிக்கும். இன்னொரு ஆபரேட்டர் பொண்ணுக்குப் பிரசவம்னு போயிட்டான். உன்ன விட்டா ஆளில்ல."

பையின் அடியில் தாள் இருந்தது. நாளைக் காலையில் சோதனை. ஒரு நாள்தானே என்று மனசு சொன்னது. வந்தால் வரும் நேரமும் அவளுக்குத் தெரியும், பதினைந்து இருபது நாளுக்கு ஒரு தடவை. நேற்றுக் காலையில்தான் மேஜைமேல் தண்ணீர் ஊற்றினாள். உடனே வராது. மனசுக்கு என்ன, அது கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போடும்.

ஏணியில் முப்பத்தெட்டுப் படி. ஏறினாள்.

கர்டர் பதினெட்டு மீட்டர் நீள இரும்பு உத்தரம். காலையெல்லாம் சின்னப் பாரங்கள் தூக்கி, மூன்றரைக்கு அதில் சங்கிலி மாட்டினார்கள். லாரிக்காரர் தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கொக்கி இரண்டு முனையையும் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டு, கையை மேலே காட்டினான். தூக்கினாள். கர்டர் தரையை விட்டு எழும்பும்போது கேபின் ஒரு தரம் பெருமூச்சு விட்டு அசையும். அசைந்தது. நகர்த்தி லாரிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். கொக்கி லாரித் தட்டின்மேல் ஏறி, கட்டைகளை வைக்கக் குனிந்தான். கர்டர் அவன் தலைக்கு இரண்டு முழம் மேலே நின்றது.

சங்கிலியை நேர் பார்க்க வலதை மூடினாள்.

பொறி. ஓரத்தில் ஒரே ஒரு பொறி, ஊசி முனை அளவு.

திறந்தாள், மூடினாள். பொறி இரண்டாகியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகை உள்ளே வந்தது.

"இறக்கு!" என்று ஃபோர்மேனின் வாய் திறந்தது. கிரைண்டர் இரைச்சலில் சத்தம் மேலே வரவில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுக்கலாம். சங்கிலி முறுக்கியிருக்கிறது என்று கையால் காட்டலாம். பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சாக்குச் சொல்ல அவளுக்கு இப்போது தெரியும். கை பாட்டிலை நோக்கிப் போகவும் செய்தது. அதற்குள் கொக்கி நிமிர்ந்து கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்தான். ஒரு சாண். காட்டிக்கொண்டே ஓர் அடி பக்கவாட்டில் வைத்தான்.

கம்பிக்குப் பின்னால் போய்விட்டான்.

ஆள் இல்லை. லாரித் தட்டு இருந்தது, கட்டை இருந்தது, அவன் செருப்பின் முனை இருந்தது. கை இல்லை. விரித்திருக்கிறானா, மூடியிருக்கிறானா? அவள் இடது பக்கம் எக்கினாள். அவன் எதிர்ப் பக்கம் நகர்ந்தான் போல, கம்பியும் அவனோடு நகர்ந்தது. முஷ்டியோ சாணோ, அந்த இரண்டு விரல் அகல இரும்புக்குப் பின்னால் ஒரு மனுஷன் அவளை நம்பிக் கை காட்டிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை தன் கை தப்புப் பண்ணிவிடக்கூடாது என்று பயந்து பயந்து, சரியாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

கொட்டகையில் ஹாரனுக்கு இரண்டே அர்த்தம். சின்ன ஹாரன் என்றால் கிரேன் நகருகிறது. நீள ஹாரன் என்றால் பாரம் நின்ற இடத்தில் நிற்கும், கீழே இருக்கிற எல்லோரும் விலக வேண்டும். நீள ஹாரன் அடித்தவர் இறங்கிவந்து ஃபோர்மேன் நோட்டில் காரணம் எழுத வேண்டும். பதினான்கு வருஷத்தில் அவள் அதை அடித்ததில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இங்கே தலைக்கும் இரும்புக்கும் நடுவில் சாணுக்கும் முழத்துக்கும்தான் வித்தியாசம்.

இரண்டு லீவரையும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். பிரேக் கடித்தது. ஹாரனை அமுக்கினாள், கையை எடுக்கவில்லை.

கீழே கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொக்கி கம்பிக்குப் பின்னாலிருந்து வெளியே குதித்து ஓடினான். கடைசிக் கிரைண்டரும் நின்ற பிறகுதான் ஹாரனின் சத்தம் அவளுக்கே கேட்டது. விட்டாள்.

முப்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு படியும் இருக்கிற இடத்தில் இல்லை. கால் காற்றைத் தொட்டது, பிறகு இரும்பைத் தொட்டது. தரைக்கு வந்தபோது ஃபோர்மேன் முகம் சிவந்து நின்றார்.

"என்னாச்சு? சங்கிலியா? பிரேக்கா?"

சாப்பாட்டுப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் படித்தார். மறுபடி தேதியைப் படித்தார்.

"இது நேத்து தேதி."

"ஆமா."

"நேத்து தேதிய வச்சுக்கிட்டு இன்னைக்கு ஏறினியா நீ?"

"ஏறினேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலே பார்த்தார். பதினெட்டு மீட்டர் இரும்பு லாரிக்கு மேலே மெதுவாக, அரை விரல்கடை இந்தப் பக்கம், அரை விரல்கடை அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. இறக்க ஆள் இல்லை. "எல்லாரும் மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்கும் இன்னொரு ஆபரேட்டருக்கும் போன் பண்ண ஓடினார்.

கொக்கி வந்தான். "என்னக்கா? மயக்கமா? உட்காரு."

அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கு உன் கை லேட் இல்ல."

"எது?"

"விரல் போன அன்னைக்கு. நீ நேரத்துக்குத்தான் மூடின. எனக்குத்தான் தெரியல. இடது கண்ணு போயிருந்துச்சு. கம்பி மறைச்சிடுச்சு. அது எனக்கு அப்பவே தெரியும்."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. முதலில் அவள் கண்ணைப் பார்த்தான், வலதா இடதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறி. பிறகு ஏணியை. பிறகு கேபினின் மூலையை. கடைசியாகத் தன் வலக்கையை.

"அப்பவேன்னா?"

"அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை வந்திருச்சு."

"கையெழுத்துப் போட்டியேக்கா."

"போட்டேன்."

"டீ குடிக்கிறப்ப கேட்டேனே. உன்னத்தானே கேட்டேன்."

அவள் சாப்பாட்டுப் பையின் வாயை இழுத்து மூடினாள்.

"பதினெட்டு நாளு" என்றான் கொக்கி. குரல் உயரவில்லை. "தினமும் வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு கைய மூடித் திறந்து, மூடித் திறந்து. எம்பொண்ணு உட்கார்ந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவா. அப்பாவுக்குக் கையில சீக்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கா."

வெல்டர்கள் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் கூட்டமாக நின்று அவர்களையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. நடுவில் தொங்குகிற இரும்பும், இரும்புக்குக் கீழே யாருமில்லாத ஒரு நீளமான இடமும் இருந்தன.

"இப்பத் தெரியுதா?" என்று கேட்டான்.

"இல்ல."

"எப்ப வரும்?"

"பன்னிரண்டு நிமிஷத்துல வந்திடும். பொறி தெரிஞ்சப்ப மூணு நாப்பது."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று ஐம்பத்து இரண்டு. அவள் வலதை மூடினாள். சாம்பல். பொறிகூட இல்லை இப்போது, வெறும் சாம்பல்.

மூன்று ஐம்பத்து நாலு. ஐம்பத்தாறு. வழக்கத்தைவிட நீண்டால் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே என்ற குரல் ஞாபகம் வந்தது. நாக்கை வாய்க்குள் புரட்டிப் பார்த்தாள். புரண்டது. இடக்கையை இறுக்கினாள். இறுகியது. 'தண்ணி' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கொக்கி தண்ணீர் கொண்டுவரத் திரும்பினான். "வேணாம், சும்மா சொன்னேன்" என்றாள்.

வெளியே வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது. ஃபோர்மேன் வாசலிலிருந்து, "வா, ஏறு, ஏறு" என்று கை வீசினார்.

கொக்கி வழி விடவில்லை. அவளுக்கு இரண்டு அடி முன்னால், தினமும் கீழே நிற்கிற மாதிரியே காலை அகட்டி நின்றான்.

"வலத மூடு" என்றான்.

"வண்டி வந்திருச்சு."

"மூடுக்கா. ஒரே தடவ."

மூடினாள். தலைக்கு மேலே எங்கோ சங்கிலி ஒரு முறை முனகியது. சாம்பலுக்குள் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இடது மூலையில் பீடி நெருப்புப் பட்ட துணி மாதிரி ஓர் ஓட்டை. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஓட்டைகள் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டின. கண்ணுக்குப் பின்னால் முதல் ஆணி இறங்கியது. ஓட்டைக்குள் கட்டு ஒன்று தெரிந்தது, அழுக்கான வெள்ளைக் கட்டு. அதை ஒட்டி மூன்று விரலும், அவற்றின்மேல் மடங்கிய கட்டை விரலும் தெரிந்தன.

இந்தத் தடவை இடக்கையால் காட்டியிருந்தான். முஷ்டி.

"தெரியுது" என்றாள். "நிறுத்துன்னு காட்டற."

அவன் கையை இறக்கவில்லை. அவள் அதைத் தாண்டி வண்டிக்கு நடந்தாள். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோதும் அவன் அதே இடத்தில், அதே கையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் உயரத்தில் கர்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.